பிழைக்கு ஒரு முகவரி உண்டு

அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுபோகும் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் தீர்ப்பு இதுதான்: “வைரஸா இருக்கும், ஃபார்மேட் போட்டுடலாம்.” சில நூறு ரூபாயும் அரை நாளும் செலவாகும். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்த கோப்புகளும் சேர்ந்தே போகலாம். புது விண்டோஸ் ஏறியபின் ஓரிரு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு அதே நீலத் திரை. மறுபடி கடை, மறுபடி ஃபார்மேட்.

சங்கராபுரம் போன்ற ஊரில் இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து சாதிச் சான்றுக்கோ பட்டா மாறுதலுக்கோ பஸ் பிடித்து இறங்கி வந்தவரின் விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது இ-சேவை மையத்தின் கணினி நின்றால், அவருக்கு ஒரு நாள் கூலி நட்டம். அச்சக வேலை செய்பவருக்குக் கல்யாணப் பத்திரிகையின் பக்கம் அழிந்துபோகும். கணக்கு எழுதுபவருக்கு எண்ணே மாறிப்போகும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த பழைய பாகங்களால் சேர்த்த அசெம்பிள்டு கணினிகளும், 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்து இன்னும் வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளும் ஓடும் ஊர்களில், மென்பொருளைத் திட்டிவிட்டு வன்பொருளைப் பார்க்காமல் விடுவது விலை அதிகமான பழக்கம். அப்படிப் பார்க்கப்படாமல் தப்பிக்கும் பாகங்களில் முக்கியமானது ரேம் என்கிற நினைவகம்.

ரேம் கெட்டதற்கான முதல் தடயம், பிழைகளுக்குள் ஒற்றுமை இல்லாமல் இருப்பது. ஒரே நிரலைத் திறக்கும்போதெல்லாம் ஒரே பிழைச் செய்தி வந்தால் அந்த நிரலையோ அதன் டிரைவரையோ சந்தேகிக்கலாம். இன்று பிரௌசர் தானாக மூடிக்கொள்கிறது, நாளை நீலத் திரை, மறுநாள் வேறு செய்தியோடு இன்னொரு நீலத் திரை, நன்றாக இறங்கிய ஜிப் கோப்பு ‘கெட்டுவிட்டது’ என்கிறது, விண்டோஸை நிறுவும்போதே பாதியில் தடுக்கிறது என்றால் சந்தேகம் ரேம் பக்கம் திரும்ப வேண்டும். ஃபார்மேட் போட்டபின்னும் இது தொடர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஃபார்மேட் வட்டில் இருப்பதைத்தான் அழிக்கும். ரேமில் கெட்டுப்போன ஒரு செல்லை அது தொடுவதே இல்லை.

கசியும் மின்னூட்டம்

இன்றைய ரேமின் அடிப்படை 1966இல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டுக்குத் தோன்றிய யோசனை. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த ஜோடிதான் ஒரு செல்; அது வைத்திருக்கும் 1 அல்லது 0 ஒரு பிட். 1968இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘1103’ சில்லில் இருந்தவை 1,024 பிட்டுகள். இன்று சாதாரண 8 ஜிபி ரேமில் சுமார் 6,870 கோடி செல்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் கணினி என்றாவது ஒருநாள் அதன்மேல் கால் வைக்கும்.

மின்தேக்கி மிகச் சிறியது என்பதால் அதிலுள்ள மின்னூட்டம் தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். அது வடிந்து முடிவதற்குள் ஒவ்வொரு செல்லையும் படித்து, அதே மதிப்பை மறுபடி எழுத வேண்டும். இதற்குத்தான் புதுப்பித்தல் என்று பெயர். வழக்கமான விதிப்படி 64 மில்லி விநாடிக்குள், அதாவது விநாடிக்குப் பதினைந்து முறைக்குக் குறையாமல், எல்லா செல்களும் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். வெப்பம் ஏறினால் கசிவும் வேகமெடுக்கும். அதனால் சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இடைவெளியைப் பாதியாக, 32 மில்லி விநாடியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

நல்ல செல் இந்த இடைவெளியை எளிதாகத் தாங்கும். தயாரிப்பில் நேர்ந்த நுண்ணிய குறையோ வயதோ சில செல்களைப் பலவீனமாக்கிவிடும். அவை 64 மில்லி விநாடி முடிவதற்குள் 1ஐ 0 ஆக மறந்துவிடும். காலையில் ஒழுங்காக ஓடும் கணினி, மே மாத நண்பகலில் மின்விசிறி மட்டுமே சுழலும் கடையில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பிராசசர் சூடாவதும் இதே போன்ற தொல்லை தரும் என்பதால், தூசி அடைத்த விசிறியைச் சுத்தம் செய்த பிறகே ரேமைக் குற்றம் சொல்ல வேண்டும்.

ஒரு பிட் என்ன செய்துவிடும்?

2003 மே 18 அன்று பெல்ஜியத் தேர்தலில், தலைநகர் பிரசெல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு வாக்குப்பதிவில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. அங்கே அவருக்குக் கிடைக்கக்கூடியதைவிட எண்ணிக்கை அதிகமாக இருந்ததால்தான் தவறு வெளியே வந்தது. சோதித்தவர்கள் மென்பொருளில் பிழை எதையும் காணவில்லை. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்திருக்கிறது; அதில் பதின்மூன்றாவது பிட்டின் மதிப்பு சரியாக 4,096. அந்த ஒரு பிட் 0இலிருந்து 1 ஆகத் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

வீட்டுக் கணினியில் ஒரு பிட் புரண்டால் விளைவு அது இருந்த இடத்தைப் பொறுத்தது. புகைப்படத்தின் ஒரு புள்ளியில் என்றால் யார் கண்ணுக்கும் தெரியாது. கணக்குத் தாளின் ஓர் எண்ணில் என்றால் கூட்டுத்தொகை தப்பாக வரும், எச்சரிக்கை எதுவும் வராது. விண்டோஸின் மையப் பகுதி ‘அடுத்து எங்கே போக வேண்டும்’ என்று குறித்து வைத்திருக்கும் இடத்தில் என்றால், அது இல்லாத இடத்துக்குப் போய் நிற்கும். அதுதான் நீலத் திரை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நிரல்கள் ரேமின் வேறு வேறு பகுதியில் போய் உட்காருகின்றன. கெட்ட செல் ஒரே இடத்தில் இருக்க, அதில் மாட்டிக்கொள்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். பிழைச் செய்தி நாளுக்கு ஒன்றாக வருவதன் காரணம் இதுவே.

நீலத் திரையைவிட மோசமானது சத்தமில்லாமல் நடக்கும் சேதம். கெட்ட ரேம் வழியாகப் போன கோப்பு, கெட்ட வடிவத்திலேயே வட்டில் சேமிக்கப்படுகிறது. பின்னர் நல்ல ரேம் போட்டாலும் அந்தக் கோப்பு சரியாகாது.

குற்றவாளி வானமா, சில்லா?

பிட் புரளுவதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று, செல் நல்லதாகவே இருந்தும் வெளியிலிருந்து வந்த துகள் ஒருமுறை புரட்டிவிட்டுப் போவது. 1970களின் இறுதியில் இன்டெல்லின் டிமோதி மேயும் மரே வுட்ஸும், சில்லைப் பொதிந்திருந்த பொருளில் மிகச் சிறு அளவில் கலந்திருந்த கதிரியக்கத் தனிமங்கள் உமிழும் ஆல்ஃபா துகள்கள் இப்படிச் செய்வதைக் காட்டினார்கள். 1979இல் ஐபிஎம்மின் ஜேம்ஸ் சீக்லரும் அவருடைய சகாவும், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்ய முடியும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள்.

காஸ்மிக் கதிர் ஆய்வு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஊட்டியில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இரவும் பகலும் இந்தக் கதிர்களின் விளைவுகளை அளக்கிறது. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயலின் தாக்கத்தில் பூமியின் காந்தக் கவசம் சிறிது நேரம் தளர்ந்ததை இங்குள்ள கருவிகள் பதிவு செய்தன. மலை ஏற ஏற இந்தத் துகள்கள் கூடும். ஆகவே கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையில் இருக்கும் கணினிக்கு, அடிவாரத்தில் இருக்கும் கணினியைவிடச் சற்று அதிகமான துகள்கள் கிடைக்கும். ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்கிறது. அதன் அருகில் இருப்பதால், உலகிலேயே வலுவான காந்தத் தடுப்பு கிடைக்கும் பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று. ஆற்றல் குறைந்த கதிர்கள் இங்கே வந்து சேர்வதில்லை.

இரண்டாவது காரணம் செல்லே கெட்டுப்போவது. வீட்டுக்கும் கடைக்கும் முக்கியமானது இதுதான். டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுள் பொறியாளர்களோடு சேர்ந்து அந்த நிறுவனத்தின் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து 2009இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். ஆண்டுக்குச் சுமார் 8 சதவீத ரேம் ஸ்டிக்குகள் பிழை செய்தன. பிழை செய்தவையே திரும்பத் திரும்பச் செய்தன. 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சாதாரண மக்களின் சுமார் பத்து லட்சம் கணினிகளிலிருந்து வந்த பதிவுகளை அலசினார்கள். வன்பொருள் கோளாறால் ஒருமுறை நின்ற கணினி மறுபடி நிற்கும் வாய்ப்பு நூறு மடங்கு வரை உயர்ந்திருந்தது. ரேம் பிழைகள் பெரும்பாலும் அதே இடத்திலேயே மறுபடி வந்தன.

காஸ்மிக் கதிர் ஒரு கணினியை ஒருமுறை நிறுத்தலாம். வாரம் மூன்று முறை நிறுத்தாது. திரும்பத் திரும்ப வரும் பிழைக்கு ரேமுக்குள் ஓர் இடம், எண்ணால் சொல்லக்கூடிய ஒரு முகவரி இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி.

தேடும் முறை

முதலில் மின் இணைப்பை முழுதாக எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்த வேண்டும். இரு பக்கக் கிளிப்புகளும் ‘டக்’ என்று விழ வேண்டும். ரேமின் அடிப்பகுதியிலுள்ள பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் அழுக்கு படிந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் கடைகளில் பழக்கம். பல நேரம் அது வேலை செய்யும் என்றாலும், முலாம் மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கக் குறையும், ரப்பர் துகளும் ஸ்லாட்டில் தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைப்பதே நல்லது. கை வைக்கும் முன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது சோதனை நிரல். விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற கருவி இருக்கிறது. தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே சோதிக்கும். தொடக்கத்தில் எஃப்1 விசையை அழுத்தினால் விரிவான சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். இது பிழை என்றால் நம்பலாம். பிழை இல்லை என்றால் அத்துடன் விட்டுவிடக் கூடாது.

இன்னும் ஆழமாகத் தேடுவது ‘மெம்டெஸ்ட்86+’. 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86இன் வழியில் வந்த இலவச நிரல். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் ஓடும்போது ரேமின் ஒரு பகுதியை அதுவே பிடித்து வைத்திருக்கும். விண்டோஸ் இல்லாமல் தொடங்கினால் ஏறக்குறைய முழு ரேமையும் சோதிக்கலாம்.

இந்த நிரல்கள் எழுதிய எண்ணை உடனே படித்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை. பல செல்கள் தனியாக இருக்கும்போது நல்ல பிள்ளைகள். பக்கத்து வரிசை இயங்கும்போதுதான் தடுமாறும். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது வரப்புக்கு இந்தப் பக்கம் ஈரம் கசிவது போன்றது இது. அதனால் எல்லாம் 0, எல்லாம் 1, மாறி மாறி வரும் கோலங்கள், ஒரே ஒரு 1 மட்டும் நகர்ந்துகொண்டே போகும் கோலம், தற்செயல் எண்கள் என்று பல வகையாக எழுதி, சிறிது காத்திருந்து, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படிக்கின்றன. ஒரே வரிசையை அடுத்தடுத்து வேகமாகத் திறந்து மூடினால் பக்கத்து வரிசையின் பிட்டுகள் புரளும் என்பதை 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் நிரூபித்தபின், அதற்கான சோதனையும் சில நிரல்களில் சேர்ந்திருக்கிறது.

ஒரு சுற்று முடிந்து பிழை இல்லை என்றதும் நிறுத்திவிடக் கூடாது. சூடேறியபின் வரும் பிழைகள் பிந்தைய சுற்றுகளில்தான் தலைகாட்டும். இரவு முழுவதும் ஓடவிடுவது நல்லது. நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்பதால், உருப்படியான பேட்டரியுள்ள யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டு ஓடவிடுங்கள். பிழையைச் சொல்லும் சிவப்பு வரி ஒன்று வந்தாலும் கணக்கு முடிந்தது. ‘6,870 கோடியில் ஒன்றுதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஒன்றை மட்டும் மாற்று

பிழை வந்துவிட்டது என்பதாலேயே ரேமைத் தூக்கி எறியக் கூடாது. அந்தப் பிழைக்கு ரேம், ஸ்லாட், மதர்போர்டு, பிராசசர், மின்சாரம் ஆகிய எதுவும் காரணமாகலாம். இங்கேதான் அறிவியல் முறை வேலைக்கு வருகிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

இரண்டு ரேம் ஸ்டிக்குகள் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பின்னர் அதே ஸ்லாட்டில் அடுத்ததை வையுங்கள். ஒன்று மட்டும் பிழை காட்டினால் அதுவே குற்றவாளி. இரண்டும் ஒரு ஸ்லாட்டில் தேறி இன்னொரு ஸ்லாட்டில் தோற்றால், கோளாறு ஸ்லாட்டிலோ போர்டிலோ. தனித்தனியாகத் தேறி, சேர்த்து வைக்கும்போது மட்டும் தோற்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. வேறு வேறு வேகமும் வேறு வேறு தயாரிப்பும் கொண்ட பழைய ரேம்களைக் கலந்து போடும் இடங்களில் இது நடக்கும். இரண்டுமே எங்கே வைத்தாலும் தோற்றால், இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டிருக்கும் வாய்ப்பு குறைவு. சந்தேகம் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், பிராசசர், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்பு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். அது ரேமைப் பொதுத்தர வேகத்துக்கு மேல் ஓடவைக்கிறது. வேகத்தைக் குறைத்ததும் பிழை மறைந்தால் ரேம் சாகவில்லை, சுமை தாங்கவில்லை என்று பொருள். நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று ஏஎம்டியில் 2003 முதலும் இன்டெல்லில் 2008 முதலும் பிராசசருக்குள்ளேயே குடிபோய்விட்டது. அதனால் பிராசசர் சாக்கெட்டில் ஒரு முள் வளைந்திருந்தால்கூட ரேம் கெட்டதுபோலவே அறிகுறி காட்டும்.

பம்ப்செட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், அல்லது மிக்சியோ மோட்டாரோ தொடங்கும் கணத்தில் மட்டும் கணினி நின்றால், ரேமுக்கு முன்னால் யூபிஎஸ்ஸையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள்.

மடிக்கணினிக்கு ஓர் எச்சரிக்கை. டிடிஆர்3 தலைமுறை ரேமில் 1.5 வோல்ட்டில் ஓடும் சாதாரண வகையும், 1.35 வோல்ட்டில் ஓடும் ‘டிடிஆர்3எல்’ வகையும் உண்டு. வெட்டுப்பள்ளம் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். குறைந்த வோல்ட் வகையை மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் மற்றதைப் போட்டால் இயங்காமல் போகலாம், அல்லது ஓடி ஓடி நிற்கலாம். இந்தக் கோளாறை ஃபார்மேட்டால் தீர்க்கவே முடியாது.

தானே திருத்திக்கொள்ளும் ரேம்

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் வாரக்கடைசியில் கணினியில் வேலையை ஏற்றிவிட்டுப் போவார். ஏதாவது பிழை நேர்ந்தால் இயந்திரம் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் தெரியக் கூடாது என்று யோசித்தார். 1950இல் வெளியான அவருடைய பிழைதிருத்தக் குறியீடு அந்தக் கேள்வியின் பதில். சர்வர்களில் போடும் ஈசிசி ரேம் இந்த வழியில் வந்தது: 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் திருத்தும். இரண்டு புரண்டால் எச்சரிக்கும்.

வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இது இல்லை. விலையும் அதை ஏற்கும் போர்டும் தடை. புதிய டிடிஆர்5 ரேமில் சில்லுக்குள் ஒரு திருத்தும் ஏற்பாடு இருந்தாலும், சில்லிலிருந்து பிராசசர் வரை போகும் வழியை அது காக்காது. எனவே நம் கணினிகளில் பிழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இன்னும் நம்மிடமே இருக்கிறது.

ரேம் கெட்டது உறுதியானால் அந்தக் கணினியிலேயே காப்புப் பிரதி எடுக்க அவசரப்படாதீர்கள், பிரதியும் கெடலாம். வட்டைக் கழற்றி வேறொரு நல்ல கணினியில் மாட்டி எடுங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் ரேமுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் உண்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் ஃபார்மேட் பற்றிப் பேசினால், முதலில் ஒரு இரவு ரேமைச் சோதித்து முடிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவர் தொழிலைச் சந்தேகிப்பது ஆகாது.

புது ரேமோ பழைய ரேமோ, வாங்கி வந்த அன்றிரவே சோதித்துவிடுங்கள். மாற்றித் தருவதற்கான கெடு முடிந்தபின் தெரியவரும் பிழைக்கு வாங்கியவர்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.